அழைப்புக்குப் பின் வரும் மௌனம்

எர்சிரா நவெல்கேன் எழுதிய ஒரு வாக்கியம், எழுபத்தோரு வயது மனிதர் ஒருவரைக் கரையிலேயே நிறுத்திவிட்டது. வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்து வந்திருக்க வேண்டிய வாக்கியம்தான் இல்லை.

சிலோயேத் தீவுகளின் நடுவே, சான் ஹவியேர் என்னும் துறைநகரில், கம்பளிக் கடை ஒன்றின் மேல்மாடியில் நால்வர் கூடி நடத்தும் மென்பொருள் கூட்டுறவு அவளுடையது. மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டுக்கென அவர்கள் ஒரு செயற்கை அறிவு முகவரை அமைத்துத் தந்திருந்தார்கள். பதினான்கு தீவுகளில் பரந்து கிடக்கும் அறுபத்துமூன்று நோயாளிகளையும் விடியலில் தொலைபேசியில் அழைப்பது அதன் பணி. இன்று படகு உண்டா, எத்தனை மணிக்குத் துறைக்கு வர வேண்டும், எந்த நாற்காலி என்றெல்லாம் அதுவே சொல்லும். அதற்குப் பன்னிரண்டு கருவிகள். ஒன்று வானிலை பார்க்கும்; ஒன்று நாற்காலிகளின் பட்டியலைத் திறக்கும்; ஒன்று தீவுகளின் வானொலி நிலையத்தில் காலையில் படகோட்டிகள் பேசிப் பதிவானதை எடுத்து வரும்.

கருவிகளுக்கு நிரல் எழுதியவன் அவளுடைய கூட்டாளி காஸ்பர். அவற்றைப் பற்றி முகவர் படிப்பதற்கான விவரிப்பை எழுதியவள் எர்சிரா. கருவி என்ன செய்யும், எப்போது கையில் எடுக்கலாம், எப்போது தொடலாகாது, அது தரும் விடையை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பவற்றைச் சில வரிகளில் சொல்லியாக வேண்டும். நூலுக்குப் பாயிரம் போலக் கருவிக்கு விவரிப்பு. முகவருக்குத் தீவும் தெரியாது, கடலும் தெரியாது. அந்த வரிகளே அதற்குக் கண். வார்டில் அதற்கு வைத்த பெயரும் பொருத்தமானதுதான்: வெளியூர்க்காரி.

வெளித்தீவுகளுக்கு அது முதன்முதலாக அழைத்த திங்கட்கிழமை காலை, தலைமை நர்ஸ் யாஸ்னாவின் குரல் எர்சிராவின் காதில் இடியாக இறங்கியது.

"எர்சிரா, உங்க வெளியூர்க்காரி பண்ணின காரியம் தெரியுமா? ஏழாம் நாற்காலி காலி. தோன் ஒர்லிந்தோ வரல. நாலு வருஷத்துல ஒரு நாள் தவறாத மனுஷன்! கூப்பிட்டுக் கேட்டா, 'நீங்கதான இன்னிக்குப் படகு இல்ல, வீட்டுலயே இருங்கன்னு சொன்னீங்க'ங்குறாரு."

"படகு இல்லையா? கடல் தட்டுல விட்ட பால் மாதிரி அசையாம கிடந்துதே, காலையில."

"அதான் நானும் கேக்குறேன். அல்வெகேன் தீவுலேர்ந்து வர்ற இன்னும் மூணு பேருக்கும் இதையேதான் சொல்லியிருக்கு. அதுங்க சிரிச்சிட்டு எப்பவும் போல துறைக்குப் போயிப் படகேறி வந்துடுச்சுங்க. இவரு ஒருத்தருதான் ஆஸ்பத்திரி சொன்னா வேதவாக்குன்னு அடுப்புப் பக்கத்துல உக்காந்துட்டாரு."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவருடைய குருதி கழுவப்படவில்லை. நண்பகலில் தென்மேற்கிலிருந்து காற்று எழுந்தது. துறைமுக அதிகாரி கடலை மூடினார். செவ்வாய் மாலைவரை ஒரு கலமும் அசையாது என்றார்கள். ஒர்லிந்தோவுக்கு மருத்துவர் தொலைபேசியிலேயே கட்டளையிட்டார்: தண்ணீர் அளந்து குடி, பழம் தொடாதே, உருளைக்கிழங்கை நினைக்கவும் செய்யாதே. சிலோயேக்காரனிடம் உருளைக்கிழங்கு கூடாது என்பது மீனிடம் நீர் கூடாது என்பதற்கு நிகர். ஆயினும் அவர் கீழ்ப்படிந்தார்.

எர்சிராவும் காஸ்பரும் முகவரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். அது செய்ததெல்லாம் ஒழுங்காகவே இருந்தது. வானொலிக் கருவியை அழைத்திருக்கிறது. கருவி வெறும் பட்டியலைத் தந்திருக்கிறது. முகவர் தனக்குள் குறித்துக்கொண்டது இது: "படகோட்டிகள் இன்று காலை சொன்னவற்றை இந்தக் கருவி தரும் என்று விவரிப்பு கூறுகிறது. எந்தப் படகோட்டியும் எதுவும் சொல்லவில்லை. எனவே இன்று படகு இல்லை. முதியவரைக் குளிரில் அலைக்க வேண்டாம்."

"சரியாத்தானே யோசிச்சிருக்கு!" என்றான் காஸ்பர். அவன் தலைநகர் சந்தியாகோவிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. "எந்தப் படகும் பேசலன்னா எந்தப் படகும் வரலன்னுதான அர்த்தம்?"

எர்சிரா அவனை வெறித்துப் பார்த்தாள்.

"காஸ்பர்... வர்ற படகு பேசாது."

"என்னது?"

"வராத படகுதான் பேசும். 'மோட்டார் பழுது, இன்னிக்கு இல்ல'ம்பாங்க. இல்லன்னா 'மச்சினன் கல்யாணம், இன்னிக்கு இல்ல'ம்பாங்க. வர்றவன் வாயே திறக்க மாட்டான். பேசாம இருந்தா வர்றான்னு அர்த்தம்."

"இது என்ன கூத்து! வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"அந்தக் காலத்துல பேட்டரி மிச்சம் பிடிக்கப் பேசாம இருந்தாங்க. அப்புறம், கடல் காதுல விழுற மாதிரி 'நான் வர்றேன்'னு சொல்றது நல்லதில்லன்னு ஆயிடுச்சு. யாரும் சொல்ல மாட்டாங்க. எங்கப்பாவும் படகோட்டிதான், செத்தாலும் சொல்லியிருக்க மாட்டாரு."

"சோதனைக்கு நான் நாப்பது காலைப் பதிவைக் கற்பனையா எழுதினேனே! 'எஸ்த்ரெய்யா படகு புறப்பட்டது', 'எஸ்த்ரெய்யா வந்துகொண்டிருக்கிறது'ன்னு! நீயும்தான படிச்ச?"

"படிச்சேன்." அவள் முகம் சிவந்தது. "எந்தப் படகோட்டியும் அப்படிப் பேச மாட்டான்னு எனக்கு உறைக்கவேயில்ல. தண்ணி நனைக்கும்னு யாராவது எழுதி வைப்பாங்களா?"

அதுதான் நடந்தது. தீவில் பிறக்காத ஒருவர் அந்த விவரிப்பை எழுதியிருந்தால், வழக்கம் என்னவென்று யாரையாவது கேட்டிருப்பார். படகுத்துறையில் தவழ்ந்து வளர்ந்தவளுக்கு அந்த மௌனம் மூச்சைப் போன்றது, இருப்பதாகவே தோன்றாது. சொல்லாமல் உணர்த்துவது பாட்டுக்கு அணி. கருவிக்கோ அதுவே குற்றம். அந்தக் குற்றத்தை அவள் காஸ்பரின் மேலும் போடவில்லை, முகவரின் மேலும் போடவில்லை.

மாலையில் யாஸ்னா மீண்டும் அழைத்தாள். இம்முறை குரல் தாழ்ந்திருந்தது, அதுதான் அச்சமூட்டியது.

"கேளு எர்சிரா. ஆறு மணிலேர்ந்து எட்டு வரைக்கும் என் ரெண்டு கையும் ஊசியிலதான் இருக்கும். போன் எடுக்க ஆள் கிடையாது. அதனாலதான் இது வேணும்னு நானே டைரக்டர்கிட்ட சண்டை போட்டேன். ஆனா புதன்கிழமை ஒர்லிந்தோ வந்தே ஆகணும். கால் வீங்கிடுச்சாம், படுத்தா மூச்சு முட்டுதாம். அன்னிக்கு வெளியூர்க்காரி சரியாச் சொல்லி அவரு படகேறிட்டாருன்னா, குளிர்காலம் பூரா அது இருக்கட்டும். மறுபடி ஒரு தப்பு பண்ணினா, நானே அணைச்சிடுவேன். பழைய மாதிரி ஒரே போனு, ஜனங்க துறையில மழையில நின்னு சாகட்டும்."

"நான் பக்கத்துலயே போனை வச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன், யாஸ்னா. தப்பாப் போனா நானே அவரைக் கூப்பிட்டுடுவேன்."

"கூப்பிடு. ஆனா நீ கூப்பிட வேண்டி வந்துச்சுன்னா, அதோட அது முடிஞ்சுது."

செவ்வாய் முழுதும் மழை கூரையின் மரச்செதில்களை அறைந்துகொண்டிருந்தது. எர்சிரா மேட்டே என்னும் இலைத்தேநீர்க் கிண்ணத்தை மேசையில் வைத்து, விவரிப்பைப் புதிதாக எழுதினாள். பட்டியல் வெறுமையாக இருந்தால் எல்லாப் படகுகளும் வருகின்றன என்று பொருள். பெயர் இருந்தால் அந்தப் படகு மட்டும் வராது. இரண்டே வரி. காஸ்பர் திங்கட்கிழமைக் காலைப் பதிவை அப்படியே முகவருக்கு மீண்டும் ஊட்டினான். "எஸ்த்ரெய்யா ஏழரைக்கு வரும், தோன் ஒர்லிந்தோ" என்றது முகவர்.

"முடிஞ்சுது!" என்று காஸ்பர் கையைத் தட்டினான். "வா, சாப்பிடப் போலாம்."

எர்சிரா எழவில்லை. முதல் முறை எழுதியபோதும் இப்படித்தான் முடிந்ததாக நினைத்தாள். தனக்குத் தெரிந்ததைத் தானே சரிபார்ப்பதால் என்ன பயன்? வானொலி நிலையத்தை நடத்தும் நோல்ஃபாவை அழைத்தாள். நோல்ஃபா அவள் மகனுக்கு ஞானத்தாய். அந்த உறவால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு காலையும் ஆறரை மணிக்குக் காற்றையும் அலையையும் வாசித்து, தீவுகளைப் பெயர் சொல்லி அழைப்பவள் அவள்.

"கொமாத்ரே, நான் ஒண்ணு எழுதியிருக்கேன். படிக்கிறேன், வெளியூர்க்காரி கேக்குற மாதிரி கேளுங்க."

படித்தாள். மறுமுனையில் நோல்ஃபா சிரித்தாள்.

"அடி பாவி, ஜனங்களைக் கொன்னுடுவ போலிருக்கே! பேசலன்னா வர்றான்னு எவடி சொன்னது?"

"நீங்கதான சின்னப் பிள்ளையிலேர்ந்து..."

"நான் கூப்பிட்டதுக்கு அப்புறம் பேசலன்னாத்தான் வர்றான். நான் கூப்பிடாமயே இருந்தா அவன் எதுக்குப் பேசுவான்? எட்டு வருஷம் முன்னாடி மின்சாரக் கம்பம் சாஞ்சு என் ரேடியோ செத்துக் கிடந்தப்போ, ஆலங்கட்டி மழையில பன்னெண்டு மணி வரைக்கும் ஜனங்க துறையில நின்னுச்சுங்க, மறந்துட்டியா? படகோட்டி எல்லாம் வீட்டுல போர்வைக்குள்ள. அழைப்பு போகாத மௌனம் மௌனமே இல்லடி. அது வெறும் ஒண்ணுமில்ல."

எர்சிரா எழுதுகோலை வேகமாக ஓட்டினாள். "அழைப்பு போன உடனே முடிவு பண்ணிடலாமா?"

"கால் மணி நேரம் விடணும். எஸ்த்ரெய்யாவோட செவேரோவுக்குப் பூட்ஸ் மாட்டவே பத்து நிமிஷம் ஆகும். வரலன்னா அப்புறம்தான் வந்து பேசுவான்."

"வேற எதாவது இருக்கா, கொமாத்ரே? உங்க எல்லாருக்கும் தெரிஞ்சது, யாரும் சொல்லாதது?"

"சொல்லாதது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாத்தான் சொல்லியிருப்பேனே!"

காஸ்பர் முனகிக்கொண்டே கருவியைத் திறந்து, அழைப்பு எந்த நேரத்தில் காற்றில் போயிற்று என்பதையும் அது தரும்படி செய்தான். எர்சிரா மூன்றாம் முறை எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் நாவில் வைத்துப் பார்த்து, செறிவுக்காக எதையும் விழுங்காமல் எழுதினாள்:

"இந்தக் கருவி இரண்டு செய்திகளைத் தரும்: காலை அழைப்பு காற்றில் போன நேரம், இன்று வராத படகுகளின் பெயரும் காரணமும். வருகிற படகு தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. தீவுகளின் வழக்கம் அது. அழைப்பு போய்க் கால் மணி நேரம் கழிந்து, படகின் பெயர் பட்டியலில் இல்லையென்றால், அந்தப் படகு வருகிறது. அழைப்பு நேரம் வெறுமையாக இருந்தால், பட்டியலைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதே. படகு உண்டென்றும் இல்லையென்றும் நோயாளியிடம் சொல்லாதே. இன்னும் தெரியவில்லை என்று சொல், மறுபடி எப்போது அழைப்பாய் என்றும் சொல். உடனே வானொலி நிலையத்தின் நோல்ஃபாவைத் தொலைபேசியில் கேள். நர்ஸைக் கேளாமல் நாற்காலியை ஒருபோதும் தள்ளிவைக்காதே."

"முன்னாடி ஒரு வரியா இருந்துச்சு. இப்போ நற்கருணை ஜெபம் மாதிரி நீளுதே!" என்றான் காஸ்பர்.

"நீளட்டும். இதைப் படிக்கிறது துறையில வளர்ந்ததில்ல."

புதன்கிழமை ஆறே கால் மணிக்கே இருவரும் மேல்மாடியில் இருந்தார்கள். மழை ஓய்ந்திருந்தது, கடல் திறந்திருந்தது, காற்றின் மிச்சம் மட்டும் சன்னலை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எர்சிராவின் மடியில் தொலைபேசி. எஸ்த்ரெய்யா ஏழரைக்கு அல்வெகேன் துறைக்கு வரும். ஒர்லிந்தோவின் வீட்டிலிருந்து துறைக்கு, வீங்கிய காலோடு நடக்கப் பத்து நிமிடம்.

ஆறரை ஆயிற்று. ஆறு முப்பத்தைந்து. முகவர் கருவியை அழைத்தது. திரையில் விடை விழுந்தது: பட்டியல் வெறுமை, அழைப்பு நேரமும் வெறுமை.

"கரெண்ட் போயிருக்கும்" என்றான் காஸ்பர், குரலை அடக்கி. "கொமாத்ரே வீட்டு மேட்டுல கரெண்ட் போயிருக்கும்."

நேற்று எழுதிய முதல் இரண்டு வரிகளே இருந்திருந்தால், முகவர் இந்நேரம் முதியவரைத் துறைக்கு அனுப்பியிருக்கும். அதற்கும் முந்திய வரி இருந்திருந்தால், வீட்டிலேயே உட்கார வைத்திருக்கும். எர்சிராவின் விரல் ஒர்லிந்தோவின் எண்ணின் மேல் நின்றது. அழுத்தினால் அவர் வருவார், முகவர் போகும்.

அவள் அழுத்தவில்லை. திரையில் முகவர் பேசத் தொடங்கியிருந்தது.

"காலை வணக்கம், தோன் ஒர்லிந்தோ. மருத்துவமனையிலேர்ந்து பேசுறேன்."

"யாரு, திங்கக்கிழமை என்னை உக்கார வச்சவளா?"

"ஆமாங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மன்னிக்கணும். இன்னிக்குப் படகு வருமா வராதான்னு எனக்கு இன்னும் தெரியல. காலை அழைப்பு இன்னும் காத்துல போகல. விசாரிச்சிட்டு ஏழே காலுக்குள்ள மறுபடி கூப்பிடுறேன். அதுவரைக்கும் வெளியில நிக்க வேண்டாம். பூட்ஸை மட்டும் மாட்டி வச்சிக்குங்க."

"தெரியலன்னு சொல்றியே, பரவாயில்ல" என்றார் அவர். "அன்னிக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசின."

காஸ்பர் வாயைப் பொத்திக்கொண்டான்.

முகவர் நோல்ஃபாவை அழைத்தது. மூச்சிரைப்போடு அவள் குரல் எழுத்தாக ஓடியது: "கரெண்ட் இல்லம்மா, வெளியூர்க்காரி. லாரி பேட்டரியைத் தூக்கிட்டு மேட்டுல ஏறிக்கிட்டிருக்கேன். பத்து நிமிஷம் குடு. இல்ல, இருபது. இந்த பேட்டரி என் புருஷனை விடக் கனம்."

ஆறு ஐம்பத்தெட்டுக்கு அழைப்பு நேரம் என்ற இடம் நிறைந்தது. பட்டியல் வெறுமையாகவே இருந்தது. முகவர் எதுவும் செய்யவில்லை. ஏழு ஐந்து. ஏழு பத்து. எங்கோ அல்வெகேனில் செவேரோ பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். அல்லது மாட்டி முடித்து, வானொலியைப் பார்த்து, வாய் திறவாமல் படியிறங்கிக்கொண்டிருந்தான். எர்சிரா தன்னையறியாமல் கைகளைக் கோத்திருந்தாள். கேட்பதற்குச் சொல் இல்லாத வேண்டுதல் அது.

ஏழு பதின்மூன்று.

"தோன் ஒர்லிந்தோ, எஸ்த்ரெய்யா வருது. ஏழரைக்குத் துறையில இருங்க."

"செவேரோ சொன்னானா?"

"இல்லைங்க. அழைப்பு போயிருக்கு. அவரு ஒண்ணும் சொல்லல."

மறுமுனையில் கிழவரின் சிரிப்பு எழுந்து இருமலில் முடிந்தது. "அப்போ வர்றான்!"

எட்டே முக்காலுக்கு யாஸ்னாவின் செய்தி வந்தது. "ஏழாம் நாற்காலி நிறைஞ்சுது. வெளியூர்க்காரி இருக்கட்டும்." அவ்வளவுதான். காஸ்பர் எர்சிராவைத் தோளோடு அணைத்துவிட்டு, ரொட்டி வாங்கப் படியிறங்கி ஓடினான்.

பத்து மணிக்குத் தொலைபேசி மறுபடி ஒலித்தது. ஒர்லிந்தோ. பின்னணியில் டயாலிசிஸ் இயந்திரங்கள் ஒரே சுருதியில் முரல்வது கேட்டது.

"நீதான் அவளுக்குப் பாடம் எழுதுறவள்னு யாஸ்னா சொன்னா."

"ஆமாங்க, தோன் ஒர்லிந்தோ. திங்கக்கிழமை என்னாலதான்..."

"அதை விடு. எழுதிக்கோ. தெக்குக் காத்து அடிச்சா எஸ்த்ரெய்யா எங்க துறைக்கு வராது. தேவாலயத்துக்குப் பின்னாடி இருக்கிற கல்லுக்கு வரும். அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க." அவள் தாளை இழுத்தாள். அவளுக்கும் இது தெரியாது. அல்வெகேன் அவள் தீவு அல்ல.

"நவநாள் ஒன்பது நாளும் படகு அரை மணி முன்னாடி கிளம்பும், ஜபத்துக்குத் திரும்பணும்ல. அது?"

"அதுவும் தெரியாது. சொல்லுங்க, சொல்லுங்க."

அடுத்த நாற்காலியிலிருந்து ஒரு பெண்குரல் குறுக்கிட்டது: "எங்க தீவையும் சொல்லு, ஒர்லிந்தோ! நாய் கட்டாத நாள்ல மேட்டு வழியா வரச் சொல்லக் கூடாது!" இன்னொருவர், "கிழங்கு தோண்டுற மாசம் எங்களை விடியக்காலையில கூப்பிட்டா யாரும் போன் எடுக்க மாட்டோம், எழுது!" என்றார். யாரோ யாரையோ மறுத்தார்கள், யாரோ சிரித்தார்கள், யாஸ்னா அதட்டினாள், அதட்டல் முடிவதற்குள் தானும் ஒன்று சொன்னாள்.

எர்சிராவின் எழுதுகோல் பின்தங்கியது. "ஒவ்வொருத்தரா சொல்லுங்க, தயவுசெஞ்சு! ஒண்ணும் விட்டுடக் கூடாது."

"மெதுவாவே எழுது, பொண்ணே" என்றார் ஒர்லிந்தோ. "எல்லாரையும் குழாயில கட்டி வச்சிருக்கா. இன்னும் ரெண்டு மணி நேரம் நாங்க எங்கயும் போகப் போறதில்ல."